பெர்பெத்துவாவின் சக்கை ஒத்தடம்

பெர்பெத்துவா அத்தை யாருக்கு ஒத்தடம் வைத்தாலும், சூட்டு மூட்டையை முதலில் தன் இடது முழங்கையின் உள்மடிப்பில் வைத்துப் பார்ப்பாள். அப்போது கண் வேறெங்கோ இருக்கும். உதடு ஏதோ முணுமுணுக்கும். முணுமுணுப்பு முடிகிறவரை கை தாங்கினால் மூட்டை அடுத்தவர் முதுகுக்குப் போகும். தாங்காவிட்டால் காற்றில் ஆட்டி ஆறவிட்டு மறுபடியும் மடிப்பில் வைப்பாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து பல்கலைக்கழகம் முடித்துத் திரும்பி வந்த காலம்வரை அவள் இதைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை, ஒரே ஒரு நாளைத் தவிர. அந்த மடிப்பில் மட்டும் தோல் வெளுத்து வழுவழுவென்று இருக்கும்.

"என்ன அத்தை முணுமுணுக்குற?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"அருள் நிறைந்த மரியே சொல்றேன்."

இன்னொரு நாள் அதே கேள்விக்கு, "செத்துப்போன என் புருஷனைத் திட்டுறேன். ஒரு முழுத் திட்டு முடியுறவரைக்கும் தாங்கணும், அதுதான் பதம்" என்றாள்.

எது உண்மை என்று எனக்கு இன்றும் தெரியாது. இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

ஒத்தடம் வைப்பது அவள் தொழில் இல்லை. பிட்டோ என்கிற சோளக் கள் காய்ச்சுவதுதான் தொழில். செஞ்சோளத்தை முளைகட்டி, காயவைத்து, அரைத்து, இடுப்புயரப் பானையில் கொதிக்கவிட்டு வடித்த சாறு புளித்தால் பிட்டோவாகும். அடியில் தங்குகிற சக்கை பன்றிக்குப் போகும். எங்கள் ஊரில் காய்ச்சுகிற எல்லா வீட்டிலும் இப்படித்தான். அத்தை வீட்டில் மட்டும் சக்கை பன்றியிடம் போகும் வழியில் மனிதர்களிடம் கொஞ்ச நேரம் நின்று போகும். கொதிக்கக் கொதிக்க அதை அள்ளி, பழைய மாவுச் சாக்கில் கட்டி, மேலே துணியைச் சுற்றினால் ஒரு கனத்த ஈர மூட்டை கிடைக்கும். வெந்நீரில் நனைத்த துண்டு நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் ஆறிவிடும். சக்கை அப்படி இல்லை. ஒரு சுரைக்குடுவை பிட்டோவைச் சொட்டுச் சொட்டாகக் குடித்து முடித்தாலும் அதில் சூடு மிச்சம் இருக்கும்.

காய்ச்சுகிற நாளில், சக்கை இறங்கும் நேரம் பார்த்து ஆட்கள் வேப்ப மரத்தடிக்கு வருவார்கள். சேனைக் கிழங்குக்கு மேடு வெட்டி இடுப்பு பிடித்துக்கொண்டவர்கள், எண்ணெய்க்கு ஷியா கொட்டை பொறுக்கிக் குனிந்து குனிந்து முட்டி இறுகிப்போன பெண்கள், தெற்கே கும்மாசி நகரம்வரை லாரி ஓட்டிவிட்டு வந்தவர்கள். ஒத்தடத்துக்கு அத்தை எதுவும் வாங்கமாட்டாள். ஆனால் மூட்டை முதுகில் இருக்கும்வரை ஒரு மனிதன் எழுந்து போக முடியாது, சும்மா உட்கார்ந்திருக்கவும் முடியாது. எத்தனை குடுவை போகும் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பானையிலிருந்து விறகுக்கு, விறகிலிருந்து மரத்தடிக்கு, மரத்தடியிலிருந்து யாரோ அழைத்த திசைக்கு. நின்று பேசினால்கூடக் கால் மாற்றி மாற்றி நிற்பாள். அவள் முட்டி இரண்டும் நடக்கும்போது சத்தம் போடும். பக்கத்தில் நடந்தால் கேட்கலாம்.

"உனக்கும் ஒரு மூட்டை வைக்கக்கூடாதா அத்தை?"

"அதுக்கு உட்காரணும்ல."

"உட்காரேன்."

"உட்கார்ந்தா அடுப்பு அணைஞ்சிடும்" என்பாள். எரியாத அடுப்பைப் பார்த்துக்கூட அப்படிச் சொல்வாள்.

இளம் பெண்ணாகக் கணவனோடு தெற்கே போய், டெச்சிமான் பக்கம் அடுத்தவர் நிலத்தில் பாடுபட்டவள். கணவன் அங்கேயே பாம்பு கடித்து இறந்தான். இரண்டு மகன்களை லாரியின் மூட்டைகளுக்கு நடுவே உட்கார வைத்துக்கொண்டு ஊர் திரும்பினாள். அந்த வழி முழுக்கத் தான் நின்றுகொண்டே வந்ததாகச் சொல்வாள். இடம் இல்லாமல் நின்றாளா, உட்கார முடியாமல் நின்றாளா என்று நான் கேட்கவில்லை.

அக்கோல்கோவைப் பற்றிச் சொல்லாமல் அவளைப் பற்றிச் சொல்ல முடியாது. அவன் கொத்தனார். போல்கா பக்கத்து பொங்கோ ஊரிலிருந்து எங்கள் பங்குக் கோயில் பள்ளிக்குச் சுவர் எழுப்ப வந்து, சுவர் முடிந்தும் போகாமல் தங்கிவிட்டவன். ஃப்ராஃப்ரா இனத்து ஆள். நாங்கள் தகாபா. எங்களுக்கும் அவர்களுக்கும் மரியாதைப் பேச்சு கிடையாது. எந்தக் காலத்திலோ இரண்டு தாத்தாக்கள் சேர்ந்து ஒரு நாயை அடித்துப் பங்கு போட்டார்களாம், தலை யாருக்கு என்பதில் சண்டையாம். அது இன்றுவரை தீரவில்லை. அதனால் ஒரு ஃப்ராஃப்ராவைப் பார்த்தால் நாங்கள் 'என் அடிமை' என்போம், அவன் எங்களை 'என் அடிமை' என்பான். அவன் வீட்டு அடுப்பிலிருந்து கறியை எடுத்துத் தின்னலாம். அவன் தாயின் சாவுக்குப் போய்ச் சிரிக்கலாம். என்ன சொன்னாலும் கோபப்படக் கூடாது. கோபப்பட்டவனுக்கும் அழுது உருகியவனுக்கும் அபராதம்.

நான் பட்டம் வாங்கிக்கொண்டு வந்து, வேலை உத்தரவு எப்போது வரும் என்று தெரியாமல் சாலைக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த வறள்காற்றுக் காலத்தில் அக்கோல்கோவின் வலது கை மேலே போகாமல் நின்றுவிட்டது. தோளுக்கு மேல் எழும்பவில்லை. பள்ளியின் புதிய கட்டடத்துக்கு மேற்தளத்தின் உட்பக்கப் பூச்சு அவனுக்குத்தான் பேசியிருந்தது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். தலைக்கு மேல் கை போகாத கொத்தனாரை யார் வைத்துக்கொள்வார்கள்? கை போனால் அவன் போக ஒரே இடம்தான் இருந்தது, பொங்கோவில் அண்ணன் வீடு. அங்கே அவன் கடைசித் தம்பி. அண்ணிமார் மிச்சம் வைத்த களியைத் தின்றுகொண்டு ஆடு பார்க்க வேண்டும். இதை அவன் ஒருநாள் சிரிக்காமல் என்னிடம் சொன்னான். உடனே, "போய் உன் அத்தைகிட்ட சொல்லிடாதே, படிச்ச அடிமை. சொன்னா அவ அழுவா, எனக்கு அபராதம் கேக்குற வேலை வரும்" என்றான்.

அன்று காய்ச்சுகிற நாள். மரத்தடியில் கூட்டம். அக்கோல்கோ சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டையில் உட்கார்ந்தான்.

"வாடா நாய்த்தின்னி" என்றாள் அத்தை. "சுவரைப் பூசச் சொன்னா தோளைத் தூக்கிட்டு வந்திருக்கே."

"எஜமான் வந்து அடிமை வீட்டுல உட்கார்றதே பெரிசு. பேசாம வேலையைப் பாரு."

அவள் மூட்டையை முழங்கை மடிப்பில் வைத்தாள், முணுமுணுத்தாள், அவன் தோளில் இறக்கினாள்.

"எப்ப வைப்பே?" என்றான் அவன்.

"வச்சு எவ்வளவு நேரமாச்சு."

"வச்சியா? உன் அடுப்பு தூங்குது போல. உன் புருஷன் குழிக்குள்ள இதைவிடச் சூடா இருப்பான்."

மரத்தடி சிரித்தது. அத்தையும் சிரித்தாள். பானைக்குப் போய் வேறு மூட்டை கட்டிக்கொண்டு வந்தாள். இதையும் மடிப்பில் வைத்துப் பார்த்தாள், ஆனால் முணுமுணுப்பு பாதியில் நின்றது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு, ஆட்டாமலேயே அவன் தோளில் வைத்தாள்.

அவன் தோளைத் திரும்பிப் பார்த்தான். "நெசமாத்தான் சொல்றேன். ஒண்ணும் தெரியல."

"நெசமாமே" என்றார் ஓரத்தில் இருந்த கிழவர் ஒருவர். "ஃப்ராஃப்ரா வாயில நெசம் வந்தா இன்னைக்கு மழை வரும்."

"வானத்தைப் பாருங்க, துணியை எடுங்க" என்றார் இன்னொருவர்.

அக்கோல்கோவும் சிரித்துவிட்டான். வேறென்ன செய்வான்? தகாபா முற்றத்தில் உட்கார்ந்துகொண்டு சிரிக்காமல் இருந்தால் தோற்றதாக அர்த்தம். அத்தைக்கு வேகம் ஏறிவிட்டது. கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. பானையின் அடியிலிருந்து நேராக அள்ளினாள், ஒற்றைச் சாக்கில் கட்டினாள், மேல்துணி சுற்றவில்லை. முழங்கை மடிப்புக்கு அது போகவே இல்லை. அவன் தோளில் வைத்து, தன் உடம்பின் கனத்தையும் சேர்த்து அழுத்தினாள்.

"இப்பச் சொல்லு எஜமானே."

அவன் பிட்டோவை ஒரு வாய் குடித்தான். பொங்கோவில் ஒரு பாதிரியாரின் ஆடு பிரசங்கத்தின்போது கோயிலுக்குள் வந்த கதையை ஆரம்பித்தான். கதை நீண்டது. ஆவி அவன் காதுவரை எழும்பிக்கொண்டிருந்தது. அவன் முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை.

"இவன் தோல் இரும்புடா" என்றார் லாரிக்காரர் ஒருவர். சிலர் கை தட்டினார்கள்.

ஆடு பலிபீடத்துக்கு வந்த இடத்தில் அத்தை மூட்டையைத் தூக்கினாள். தோல் சாக்கோடு வந்தது.

மரத்தடியில் எல்லார் குடுவையும் கீழே இறங்கியது. அவன் மட்டும் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தான்.

"என்ன, பிட்டோ தீர்ந்துபோச்சா?"

குடிக்க வைத்திருந்த பானைத் தண்ணீரை எல்லாம் அந்தத் தோளில் ஊற்றினோம். அவன், "குளிருதுடி, குளிருதுடி" என்று கழுத்தைப் பிடித்துக்கொண்டான். கழுத்தில் தெரிந்த குளிர் தோளில் தெரியவில்லை. அதை முதலில் கவனித்தது சுகாதார நிலையத்து நர்ஸ். கட்டுப்போடும்போது புண்ணைச் சுற்றி ஊசி முனையால் தொட்டுத் தொட்டுக் கேட்டாள். தோளின் வெளிப்பக்கம் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு அவனுக்கு எதுவும் தெரியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு கொடுத்தாள்.

அவனோடு நான் போனேன். அங்கே பிசியோதெரபி பார்ப்பவர் தெற்கத்திக்காரர், எங்கள் பாஷையும் தெரியாது, அவன் பாஷையும் தெரியாது. நான் நடுவில் நின்று ஆங்கிலத்தை எங்கள் பாஷையான தகாரே ஆக்கினேன். அக்கோல்கோ சொன்னதில் பாதியை நான் மொழிபெயர்க்கவில்லை. அவர் மனைவியைப் பற்றிய விசாரிப்பு அதில் இருந்தது.

அவர் தோளை அதிகம் தொடவில்லை. தலையைப் பின்னால் சாய்த்து, வலது பக்கம் திருப்பி, மேலிருந்து லேசாக அழுத்தினார். அக்கோல்கோ முதன்முறையாகக் கத்தினான்.

"வலி இருக்கிற இடம் தோள், வலி கிளம்புற இடம் கழுத்து" என்று அவர் சொன்னதை நான் சொன்னேன். சின்ன வயதிலிருந்து தலையில் சாந்துச் சட்டி சுமந்து கழுத்தெலும்பு தேய்ந்து, அங்கிருந்து கைக்குப் போகிற நரம்பு நசுங்கியிருக்கிறது. அதனால்தான் கை எழும்பவில்லை, அதனால்தான் தோலில் உணர்ச்சி இல்லை.

"சூடே வைக்கக் கூடாதா?" என்று கேட்டேன். எனக்காகக் கேட்கவில்லை.

வைக்கலாம் என்றார். ஈரச் சூடு நல்லதுதான், இறுகிய சதையை இளக்கும், பழைய மூட்டுப் பிடிப்புக்கும் சுகம் தரும். ஆனால் சூடு தெரிகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். கழுத்தின் பின்புறமும் தோள்பட்டைக்கு நடுவிலும் அவனுக்கு உணர்ச்சி நன்றாக இருக்கிறது, அங்கே வைக்கலாம். துணியை நன்றாகச் சுற்றி, இதமான சூட்டில், இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டாம். நடுவில் தோலைத் திறந்து பார்க்க வேண்டும். புதிதாக வீங்கிய இடத்திலும் புண்ணிலும் கூடவே கூடாது. தலைச்சுமை இனி இல்லை. கைக்கு நாலு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மழைக்காலம் முடியும்போதும் கை எழும்பாவிட்டால் கும்மாசிக்குப் போய் அறுவை சிகிச்சைக்குக் கேட்க வேண்டும்.

"பூச்சு வேலை?" என்றான் அக்கோல்கோ. இதை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. அவர் கூடாது என்று தலையை ஆட்டினார்.

ஊர் திரும்பியதும் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் விறகை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அடுக்கிக்கொண்டே கேட்டாள். நரம்பு, கழுத்து எல்லாம் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

"அப்ப அவன் சொன்னது நெசமா?"

"ஆமா அத்தை."

"ரெண்டு தடவை சொன்னானே."

விறகு கையிலேயே இருந்தது. அவள் அப்படி அசையாமல் நின்றதை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பிறகு விறகை மறுபடியும் பழைய இடத்திலேயே அடுக்க ஆரம்பித்தாள்.

மறுநாள் காலையில் அவள் வாளியில் வெந்நீரும் தோளில் துண்டுகளுமாக அக்கோல்கோவின் அறைக்குப் போனாள். ஒத்தடம் வேண்டியவர்கள்தான் அவளிடம் வருவார்கள், அவள் யார் வீட்டுக்கும் போனதில்லை. விதவை ஒருத்தி ஃப்ராஃப்ராக்காரன் அறைக்குக் காலையிலேயே போகிறாள் என்று தண்ணீர்க் குழாயடியில் பேச்சு கிளம்பியது. அது அவளுக்கும் எட்டியிருக்கும். அவள் நடையில் எதுவும் குறையவில்லை.

மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். யாரிடமிருந்து யாருக்கு மொழிபெயர்ப்பு என்று நான் கேட்கவில்லை. அவன் கவிழ்ந்து படுத்திருப்பான். அவள் துண்டைப் பிழிந்து, முழங்கை மடிப்பில் வைத்து, முணுமுணுத்து, கழுத்தில் விரித்து, அதன்மேல் உலர்ந்த துணியைப் போடுவாள், ஆற ஆற மாற்றுவாள். பிறகு அந்த இருபது நிமிடம். இரண்டு பேருக்கும் அது தண்டனை. அவனுக்குச் சும்மா படுத்திருக்கத் தெரியாது. கால்விரலால் சுவரைச் சுரண்டுவான், வெளியே யார் போகிறார்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அவளுக்குச் சும்மா நிற்கத் தெரியாது. அவனுடைய கரண்டிகளையும் தூக்குக்குண்டையும் துடைத்து வேறு வேறு இடத்தில் வைப்பாள், அவன் கத்துவான்.

"என் மட்டப்பலகையைத் தொடாதே அடிமை. அது உன் களிக்கரண்டி இல்ல."

"சூடு தெரியுதா?"

"தெரியுது."

"நெசமா?"

"தெரியுதுடி."

இந்த 'நெசமா' அவளிடம் அதற்கு முன் இருந்ததில்லை. ஒரு காலைக்குள் பலமுறை கேட்பாள். அவன் கேலியாக ஏதாவது சொன்னால் சிரிக்காமல் துண்டைத் தூக்கித் தோலைப் பார்ப்பாள். அவள் சிரிக்காமல் இருப்பதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். ஒருவன் காலமெல்லாம் கேலி பேசிவிட்டு ஒரு நாள் உண்மையைச் சொன்னால், அது உண்மை என்று அடுத்தவர் எதை வைத்துத் தெரிந்துகொள்வது? படித்ததில் எங்காவது இதற்குப் பதில் இருந்திருக்குமோ என்று யோசித்துப் பார்த்தேன். இருந்ததாக ஞாபகம் இல்லை.

ஒரு காலையில் அவள் துண்டைப் பிழிந்துகொண்டே, "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

அவன் கவிழ்ந்தபடியே இரண்டு காதையும் பொத்தப் போனான். வலது கை காதுக்கு எட்டாமல் கன்னத்தில் நின்றது. "சொல்லாதே."

"அன்னைக்கு நான்..."

"சொல்லாதேன்னு சொல்றேன். உனக்கும் எனக்கும் நடுவுல நெசப் பேச்சு கிடையாது."

"தப்பு என்னுது" என்றாள். "நீ சொன்னதைக் கேட்காமப் போனேன். என்னை மன்னிச்சிடு அக்கோல்கோ."

அவள் அவன் பெயரைச் சொன்னது அப்போதுதான். அவன் எழுந்து உட்கார்ந்தான். துண்டு கீழே விழுந்தது. முகம் கோணிக்கொண்டு வந்தது, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல். பிறகு வாசலைப் பார்த்துக் கத்தினான்.

"கேட்டீங்களா? யாராவது கேட்டீங்களா? தகாபா பொம்பளை ஃப்ராஃப்ராகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டா. படிச்ச அடிமை, நீ சாட்சி. அபராதம் போடு."

"என்ன அபராதம்?" என்றேன்.

"வேற என்ன. ஒரு நாய்த்தலை. முழுசா, பல்லோட."

அத்தை அழப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். துண்டை எடுத்து அவன் முகத்தில் எறிந்தாள். "உனக்குத் தலையா? வால்தான் கிடைக்கும்." அந்தக் காலையில்தான் அவர்கள் இருவரும் மறுபடியும் பழையபடி ஏசிக்கொண்டார்கள்.

கை மட்டும் பழையபடி ஆகவில்லை. மேற்தளப் பூச்சு லாவ்ராவிலிருந்து வந்த ஒருவனுக்குப் போயிற்று. அக்கோல்கோ தினமும் போய்ச் சாரத்துக்குக் கீழே நின்று, சாந்து தளர்ந்துபோச்சு, கரண்டியைச் சாய்த்துப் பிடி என்று கத்திவிட்டு வருவான். காய்ச்சுகிற நாளில் அத்தையின் பிட்டோ முற்றத்துச் சுவருக்கு முன்னால் நின்று, விரல்களால் சுவரில் ஏறுவான். அது பிசியோதெரபிக்காரர் சொன்ன பயிற்சி. எட்டிய இடத்தில் கொத்தனார் பென்சிலால் ஒரு கோடு. மரத்தடியில் குடிப்பவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கோடு சில வாரம் ஏறும், சில வாரம் போன கோட்டுக்குக் கீழே நிற்கும். கீழே நின்ற நாளில் அவன் குடிக்காமல் போய்விடுவான்.

மழை வந்தது. கோடு அவன் மூக்குக்கு நேராகவே நின்றது. ஒரு நாள் நாங்கள் வெந்நீரோடு போனபோது அவன் கருவிகளைச் சாக்கில் கட்டி வைத்திருந்தான். பாயும் சுருட்டியிருந்தது.

"எங்கே?" என்றாள் அத்தை.

"பொங்கோ. அண்ணன் ஆடு என்னைக் கேக்குதாம்."

அவன் சிரித்தான். அத்தை வாளியைக் கீழே வைக்கவில்லை. கால் மாற்றி மாற்றி நின்றாள். போகாதே என்று அவள் சொல்ல முடியாது, அது நெசப் பேச்சு.

"போ" என்றாள். "நல்லதாப் போச்சு. நாய்த்தலை மிச்சம். கடனைக் கேக்குறவன் ஊரை விட்டுப் போனா கடன் செத்துடும்ல?"

அவன் சாக்கின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

"நாய் எங்கே?"

"வளருது. இன்னும் குட்டி. தலை இத்தனூண்டுதான் இருக்கு. உனக்குப் பெரிய தலையாக் குடுக்கணும்னு பார்த்தேன்."

"பொய். நீ நாயே வளக்கலை."

"இருந்து பாரு" என்றாள்.

அவன் சாக்கின் முடிச்சை விட்டான். பிறகு, "தகாபாவுக்குக் கடனை விட்டுட்டுப் போனேன்னு தெரிஞ்சா எங்க அண்ணன் வீட்டுக்குள்ள விடமாட்டான்" என்று முணுமுணுத்துக்கொண்டே பாயை விரித்துக் கவிழ்ந்து படுத்தான். அத்தை துண்டைப் பிழிந்து முழங்கை மடிப்பில் வைத்தாள்.

அந்த மழைக்காலம் முழுக்க அவன் இருந்தான். மண் வாசலுக்கு மட்டம் பார்ப்பது, செங்கல் அறுப்பது என்று இடுப்புக்குக் கீழான வேலைகளைச் செய்தான். கோடுகள் மூக்கைத் தாண்டி, நெற்றியைத் தாண்டி மெதுவாக ஏறின. சோளம் அறுக்கும் நேரத்தில் ஒன்று அவன் தலைக்கு மேலே விழுந்தது. கும்மாசிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஒத்தடமா, பயிற்சியா, சுமை தூக்காமல் இருந்ததா, நரம்பு தானாகவே தேறியதா? பிசியோதெரபிக்காரரைக் கேட்டேன். எல்லாம்தான் என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை, ஆனால் அவரிடம் வேறு இல்லை. தோளில் அந்த உள்ளங்கை அகலத்தில் தோல் சுருங்கி மினுங்கியது. அங்கே பாதி உணர்ச்சிதான் திரும்பியது.

அடுத்த வறள்காற்றுக் காலத்தில் அவன் மேற்தளம் பூசினான், ஆனால் சாந்துச் சட்டியைத் தலையில் ஏற்றவில்லை. அத்தை வீட்டுக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே, "நாய் வளர்ந்துச்சா?" என்பான். "பல்லு முளைக்குது" என்பாள் அவள். ஒரு வருடம் நாய்க்குச் சொறி வந்திருந்தது. ஒரு வருடம் அது காதல் பண்ணிக்கொண்டு எல்லை தாண்டிப் புர்கினா பக்கம் ஓடிப்போயிருந்தது. எனக்கு வேலை கிடைத்துத் தெற்கே போன பிறகும் விடுமுறைக்கு வந்தால் முதலில் காதில் விழுவது இந்த விசாரிப்புத்தான்.

போன வருடம் அறுவடைக்குப் பிறகு அத்தை காய்ச்சலில் இரண்டு வாரம் கிடந்து இறந்துபோனாள். நான் வந்து சேர்ந்தபோது சவமேடை கட்டியாகிவிட்டது. எங்கள் வழக்கப்படி அவளுக்கு நல்ல உடை உடுத்தி, உயரத்தில் நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். மரப்பலகை இசைக்கருவி இரண்டு பக்கமும் ஒலித்துக்கொண்டிருந்தது. உட்கார்ந்திருந்த அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அக்கோல்கோ கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவளுடைய பழைய பாவாடை ஒன்றை கால்சட்டைக்கு மேல் கட்டியிருந்தான். கையில் சக்கை மூட்டை.

"பாருங்க இந்தச் சோம்பேறியை" என்றான். "விருந்தாளி வந்திருக்கான், எழுந்து ஒரு குடுவை ஊத்தல. காலம் பூரா ஓடிட்டு, இன்னைக்குப் பாத்து உட்கார்ந்துட்டா."

அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவன் மேடையில் ஏறினான். மூட்டையைத் தன் முழங்கை மடிப்பில் வைத்து, வேறெங்கோ பார்த்து, உதட்டை அசைத்தான். பிறகு அதை அவள் முட்டி இரண்டின்மேலும் வைத்தான்.

"சூடு தெரியுதா அடிமை?"

குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டான். நிமிர்ந்தான்.

"தெரியலையாம். நெசமாத்தான் சொல்றா."

அப்போது யாரும் சிரிக்கவில்லை. அவன் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு மேடையிலேயே உட்கார்ந்துவிட்டான். நாய்த்தலை வராமல் பிணம் நகராது என்றான். அது அவனுக்கு உரிமை. மகன்கள் ஒரு சேவலைக் கொண்டுவந்தார்கள். வேண்டாம் என்றான். ஒரு பானை பிட்டோ கொண்டுவந்தார்கள். குடித்தான், ஆனால் நாற்காலிக் காலை விடவில்லை. பாதிரியார் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். கடைசியில் மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் சந்தைக் கறிக்கடைக்கு ஓடி, ஒரு நாய்த்தலையை எனாமல் கிண்ணத்தில் வைத்துக் கொண்டுவந்தான். முழுசாக, பல்லோடு.

அக்கோல்கோ கிண்ணத்தை வாங்கி உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தான். காதைத் தூக்கிப் பார்த்தான்.

"இது அவ நாய் இல்ல" என்றான்.

"மாமா, தலை தலைதான்" என்றான் மகன்.

"இல்லடா. அவ சொன்ன நாய் இன்னும் வளருது."

கிண்ணத்தை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். நாற்காலிக் காலை விட்டான். பாவாடையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கல்லறைக்குச் சாந்து குழைக்கப் போனான்.